பாதத்தைத் தினமும் பார்க்கும் அப்பா, பல்லைப் பார்க்க மறுக்கிறார். ஈறு கெட்டால் சர்க்கரை ஏறுமா?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)
ஜூலை 8

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 64 வயது. மூன்று ஏக்கர் நிலம், குறுவை, தாளடி என்று இன்றும் தானே நின்று பார்க்கிறார். சர்க்கரை நோய் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நெஞ்சு வலி வந்ததிலிருந்து ஆஸ்பிரின் மாத்திரையும் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா இருக்கிறார். வயலில் நத்தை ஓடு கிழித்த சின்னக் காயத்தைக் கவனிக்காமல் விட்டு, முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். அதைக் கண்ணால் பார்த்ததிலிருந்து அப்பா மாறிவிட்டார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் கழுவுவார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துண்டால் ஒற்றுவார். பிறகு அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கம் முழுவதையும் பார்ப்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அந்த அக்கறையைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் அவருடைய தலையணை உறையைத் துவைக்க எடுத்தேன். உறையின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் நான்கைந்து வட்டங்கள். வெற்றிலைச் சாறு என்று நினைத்துத் தேய்த்தேன். அது ரத்தம். அம்மாவிடம் கேட்டால், "அது இரண்டு மூன்று வருடமாக இருக்கிறது, பல் தேய்க்கும்போது சிவப்பாகத்தான் துப்புவார்" என்று சாதாரணமாகச் சொல்கிறார். முன்பல் இரண்டு ஆடுகின்றன. கடைவாயில் மூன்று பற்கள் தாமாகவே விழுந்துவிட்டன. அப்பா வலப்பக்கத்தால் மட்டும் மெல்கிறார். சாதத்தைக் குழைத்து, ரசம் ஊற்றி விழுங்கிவிடுகிறார். சுண்டல், கடலை, கீரைத்தண்டு எதையும் தொடுவதில்லை.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 9.2 வந்திருக்கிறது. ஓராண்டில் இரண்டு முறை மாத்திரையை ஏற்றியும் இறங்கவில்லை. இந்த முறை சர்க்கரை மருத்துவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள், பிறகு இன்சுலினைப் பற்றிப் பேசலாம்" என்றார். 11 ஆண்டுகளில் அவர் வாயைப் பார்த்த முதல் மருத்துவர் இவர்தான்.

அப்பா வர மறுக்கிறார். அவர் சொல்லும் காரணங்கள் இவை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும். பல்லைச் சுத்தம் செய்தால் நன்றாக இருக்கும் பல்லும் ஆடும். அவருடைய நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்றாம். சர்க்கரைக்காரர் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாத்தா உமிக்கரியும் உப்பும் வைத்துத் தேய்த்தே 80 வயது வரை கரும்பு கடித்தாராம்.

என் கேள்விகள்: ஈறுகளில் ரத்தம் வருவதற்கும் சர்க்கரை இறங்காததற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? ஆஸ்பிரினை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டுமா? அப்பாவிடம் எதைச் சொன்னால் வருவார்?

கொடிக்கால்
ஜூலை 8

சகோதரி, பாபநாசம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்கு வெற்றிலைக் கொடிக்கால்தான் சோறு போடுகிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருவே கொண்டாடியது. அதனால் வெற்றிலையைப் பற்றிக் குறை சொல்ல எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

தலையணையில் வெற்றிலைச் சாறு என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அப்பா போடுகிறவர். சீவல் எவ்வளவு, புகையிலை உண்டா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேராத வெறும் பாக்குக்கும் அது பொருந்தும். சுண்ணாம்பு சேரும்போது பாக்கில் இருக்கும் காரப் பொருள் இன்னும் எளிதாக வெளியேறிக் கன்னத்துத் தோலில் இறங்குகிறது. எங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது இதுதான். முதலில் ஊறுகாய் பட்டால் வாய் எரிகிறது என்றார். பிறகு கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து, நார் நாராகக் கயிறு கட்டியதுபோல் இறுகியது. இப்போது அவர் வாயில் ஒரு விரல்தான் நுழைகிறது. இட்லியைக் கிள்ளித் திணித்துச் சாப்பிடுகிறார். அந்த வாய்க்குள் பிரஷ்ஷும் போகாது, பல் மருத்துவரின் கருவியும் போகாது.

அப்பாவைத் தம்முடைய மூன்று விரல்களை நிமிர்த்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. நுழையாவிட்டால் பல்லுக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே மருத்துவரிடம் போக வேண்டும். வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ புண்ணோ இரண்டு வாரத்துக்குமேல் ஆறாமல் இருந்தாலும் அப்படியே.

விருந்தில் வெற்றிலை மடித்துக் கொடுப்பது நம் மரியாதை. அந்த மரியாதை இருக்கட்டும். சீவலையும் புகையிலையையும் நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கி வைப்பது வேறு. வெற்றிலை விற்று வாழ்கிற நானே இதைச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஈறும் எயிறும்
ஜூலை 9

மன்னார்குடியில் 22 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் அப்பாவைப் போல வாரத்துக்கு நான்கைந்து பேராவது என் நாற்காலியில் உட்காருகிறார்கள். பெரும்பாலோர் தாமதமாக வருகிறார்கள். அதனால் உங்கள் கேள்வியை விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தொடர்பு உண்டு. இரண்டு பக்கமும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை, புண் ஆறுவது மெதுவாகிறது. அதனால் ஈறு நோய் சர்க்கரைக்காரர்களைக் கூடுதலாகவும் கடுமையாகவும் தாக்குகிறது. இது பலருக்குத் தெரியும். மறுபக்கம்தான் தெரிவதில்லை. ஈறு பழுத்து வீங்கி இருக்கும் இடத்திலிருந்து கிருமிகளும், அவற்றோடு போராட உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்களும் நாள்தோறும் ரத்தத்தில் கலக்கின்றன. அவை இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. மாத்திரை ஒரு பக்கம் இறக்குகிறது, ஈறு ஒரு பக்கம் ஏற்றுகிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டுக்கொண்டே கடைமடையில் மடையைத் திறந்து வைத்ததுபோல.

ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2022இல் சொன்னது. கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். சர்க்கரை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு புதிய மாத்திரையைச் சேர்த்தால்கூடச் சில நேரம் அந்த அளவுதான் கிடைக்கும். ஆனால் பல்லைச் சுத்தம் செய்தால் சர்க்கரை மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியலில் ஆற்றிய உரையில், உடலின் பல நோய்களுக்கு வாயின் அழுக்கே மூலம் என்று முழங்கினார். அதற்குப் பிறகு மூட்டு வலி, மனநோய் என்று எதற்கெடுத்தாலும் பற்களை மொத்தமாகப் பிடுங்கித் தள்ளினார்கள். ஆயிரக்கணக்கானோர் நல்ல பற்களை இழந்தார்கள், நோயும் தீரவில்லை. அந்தத் தவறை எங்கள் தொழில் மறக்கக் கூடாது. அதனால் தெளிவாகச் சொல்கிறேன்: சர்க்கரையோடு தொடர்பு உறுதி. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், முன்பே இதய உள்ளுறை அழற்சி (இதயத்தின் உட்சுவரில் கிருமித் தொற்று) வந்தவர்களுக்கும் வாய்க் கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் குடியேறும் ஆபத்து உறுதி. அவர்களுக்குப் பல் பிடுங்குவதற்கு முன்பே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுக்கிறோம். மாரடைப்போடு ஈறு நோய் சேர்ந்து காணப்படுகிறது என்பது உண்மை. ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்பதற்கு இன்னும் நிரூபணம் இல்லை.

இனி அப்பாவின் பயங்கள்.

மேல்பல்லுக்கும் கண்ணுக்கும்: பார்வை நரம்பு மூளையிலிருந்து வரும் இரண்டாம் நரம்பு. பற்களுக்கு வலியுணர்வு தருவது ஐந்தாம் நரம்பின் கிளைகள். பிடுங்குவது பார்வை நரம்பைத் தொடவே தொடாது. இந்தப் பயத்தால் சீழ் பிடித்த மேல்பல்லோடு ஆண்டுக்கணக்கில் திரிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேல்பல்லின் சீழைக் கவனிக்காமல் விட்டு அது முகத்தில் பரவுவதே கண்ணுக்கு ஆபத்து.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது: இதில் அப்பா கண்ட காட்சி பொய் இல்லை, காரணம்தான் வேறு. பல்லில் படியும் மாவு போன்ற படலம் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தால் இறுகிக் காரை ஆகிறது. காரை பல்லையும் பல்லையும் சிமெண்ட் பூசியதுபோல் பிணைத்து வைக்கிறது. உள்ளே எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டது. காரையை எடுத்ததும் பல் எவ்வளவு ஆடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது. சுவர் முன்பே விழுந்துவிட்டது, பூச்சு மட்டும் நிறுத்தி வைத்திருந்தது. அழற்சி வடிந்ததும் ஈறு இறுகிப் பல பற்கள் கொஞ்சம் நிலைப்படும்.

தாத்தாவின் உமிக்கரி: தாத்தா காலத்தில் காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையோ நாலு மணிக்கு பிஸ்கட்டோ கிடையாது. அவர் கரும்பைக் கடித்தது பல்லுக்கு வேலையும் கொடுத்தது. உமிக்கரியால் காப்பாற்றப்பட்டார் என்று சொல்ல முடியாது. உமியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்த்தவர்களின் பல்லில், ஈறை ஒட்டிக் கோடரியால் வெட்டியதுபோல் பள்ளம் விழுந்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றவர்கள் குச்சியை மென்று பஞ்சுபோல் ஆக்கித் தேய்க்கச் சொன்னார்கள். கரகரப்பான பொடியைச் சொல்லவில்லை.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் வரக்கூடிய மாரடைப்பு, பல் பிடுங்கிய இடத்தில் கூடுதலாக அரை மணி நேரம் கசியும் ரத்தத்தைவிட ஆயிரம் மடங்கு பெரியது. பஞ்சை அழுத்தி, தேவையானால் தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிடலாம். எல்லா மருந்துச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அப்படி இருந்தால் மருந்தை மாற்ற முடியுமா என்று இதய மருத்துவருக்கு நானே கடிதம் எழுதித் தருவது வழக்கம். சர்க்கரைக்காரர் காலையில் பலகாரமும் மாத்திரையும் எடுத்துக்கொண்ட பிறகு வர வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியில் மயங்கியவர்கள் உண்டு.

கடைசியாக, இந்தப் பகுதியில் நான் மிகவும் பயப்படுவது ஒன்று. அறுப்பு நேரத்தில் பல் வலி வந்தால் கிராம்பை வைத்து, புகையிலையைத் திணித்து, ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கி ஒப்பேற்றுகிறார்கள். ஆஸ்பிரின் ஈறை வெந்துபோக வைக்கும். கடையில் வாங்கும் வலி மாத்திரை, சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகத்துக்குக் கேடு. தாடைக்கு அடியில் கெட்டியாக வீங்கி, காய்ச்சலும் விழுங்க முடியாத நிலையும் வந்தால், இரவோ பகலோ, பெரிய மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அந்த வீக்கம் மூச்சுக் குழாயை அடைத்துவிடும். நெல் இரண்டு நாள் களத்தில் கிடக்கலாம்.

செலவு பயம் இருந்தால் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. ஈறு அறுவை சிகிச்சை வரை தேவைப்பட்டால் சிதம்பரத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரியில் ஈறுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி
ஜூலை 9, இரவு

டாக்டர் சொன்னவற்றுக்கு மேல் நான் மருத்துவமாக ஒன்றும் சேர்க்கப் போவதில்லை. ஆனால் இந்தத் திரியைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை அம்மா. அதனால் எழுதுகிறேன்.

31 ஆண்டுகள் செவிலியாக இருந்தேன். கடைசிப் பத்து ஆண்டுகள் மருத்துவ வார்டு. என் மாமியார் 2016இல் பக்கவாதத்தில் விழுந்தார். மயிலாடுதுறையில் எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டேன். முதுகில் சிவப்பாக ஒரு புள்ளி விழ விடவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் "எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் பாருங்கள்" என்று சொன்னார்கள்.

ஆறாவது வாரம் காய்ச்சல். பிறகு நெஞ்சில் கரகரவென்று சத்தம். மருத்துவமனையில் சேர்த்தோம், நிமோனியா என்றார்கள். அங்கே பயிற்சியில் இருந்த ஒரு சின்னப் பெண், 20 வயதுகூட இருக்காது, கையுறை மாட்டிக்கொண்டு மாமியாரின் வாயைத் திறந்தாள். மேல் பல் செட்டை மெதுவாக அசைத்துக் கழற்றி, வெள்ளைத் தட்டில் வைத்தாள். அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் முழுவதும் தயிர்த் தோல்போல் வெள்ளைப் படலம். அதற்குள் கஞ்சிப் பருக்கைகள். ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு. அதை நான் எப்போது கொடுத்த ரசத்தில் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. விழுந்த நாளிலிருந்து அந்தப் பல் செட்டை யாரும் கழற்றவே இல்லை. நானும்தான். முதுகைப் பார்த்தேன், குதிகாலைப் பார்த்தேன், வாய்க்குத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஞ்சுத் துணியை விரலில் சுற்றி அண்ணத்தையும் நாக்கையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் துடைத்தாள். மாமியாரின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலியாலா, நிம்மதியாலா, தெரியவில்லை. பதினோரு நாள் கழித்து உயிரோடு வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதற்கு மேல் இரண்டு ஆண்டுகள் இருந்தார்.

விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்கு எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கும். எச்சிலில் என்ன இருக்கிறதோ அதுவும் இறங்கும். இது நான் பாடத்தில் படித்ததுதான். ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. பல் செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்றது. அதை நான் படித்தது மாமியார் விழுந்ததற்குப் பிறகு.

வீட்டில் படுக்கையில் யாராவது இருந்தால் இப்படிச் செய்யுங்கள். தலைப்பக்கம் தலையணை வைத்து உயர்த்தி, முகத்தை ஒருபக்கம் சாய்த்து, தாடைக்குக் கீழே துண்டு விரியுங்கள். குழந்தைகளுக்கான சின்ன, மென்மையான பிரஷ் போதும். பேஸ்ட் கடுகளவு. நிறையத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதுவே நெஞ்சுக்குள் போய்விடும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். நாக்கின் பின்பக்கத்தை மறக்காதீர்கள். பல் செட்டை இரவில் கழற்றி, சாதாரண சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, மூடியுள்ள கிண்ணத்தில் தண்ணீரில் போட்டு வையுங்கள். பேஸ்ட் போட்டால் கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். வாயைக் காலையில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் சுத்தம் செய்யுங்கள். கை நடுங்கும் பெரியவர்கள் தாங்களே தேய்ப்பதாகச் சொன்னாலும் இரவில் ஒருமுறை நீங்கள் பாருங்கள்.

அப்பாவை எப்படி அழைத்துப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய கண்ணாடி இருக்கிறதே, பாதம் பார்க்கிற கண்ணாடி, அதைத் தூக்கி அவர் முகத்துக்கு எதிரே பிடியுங்கள். கீழ் உதட்டை அவரே இழுத்துப் பார்க்கட்டும். கூட ஒரு கைப்பேசி விளக்கு. "அப்பா, இதே நிறத்தில் உங்கள் கால் விரல் இடுக்கில் ஒரு கோடு இருந்தால் இன்றைக்குத் தூங்குவீர்களா" என்று மட்டும் கேளுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம். வாதம் செய்தால் வர மாட்டார்கள். நாங்கள் வார்டில் கற்றது அது.

வெண்ணாற்றங்கரை
ஜூலை 11

மூவருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்து அழுதேன். எங்கள் பாட்டியும் பல் செட்டோடுதான் தூங்குகிறார். இன்று இரவு கழற்றிவிட்டோம். முதலில் கோபித்துக்கொண்டார்.

அண்ணா, அப்பா மூன்று விரலை வைத்துப் பார்த்தார். மூன்றும் நுழைகின்றன. புகையிலை இல்லை, சீவல் மட்டும், நாளைக்கு ஏழெட்டு முறை என்று ஒப்புக்கொண்டார்.

கண்ணாடியை நேற்று இரவு திண்ணையிலேயே பிடித்தேன். அம்மா கைப்பேசி விளக்கை அடித்தார். அப்பா கீழ் உதட்டை விரலால் இழுத்தார். முன்பல் ஒன்றின் வேர் பாதி வெளியே தெரிந்தது. ஈறு கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் இருந்தது. விரல் பட்ட இடத்தில் அப்போதே ரத்தம் துளிர்த்தது. வெகு நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டு, "நெல் நாற்றங்காலில் இருக்கிறது, வியாழக்கிழமை நடவு முடிந்துவிடும், வெள்ளிக்கிழமை போகலாம்" என்றார்.

டாக்டர் ஐயா, ஒரு சந்தேகம். ஒரே நாளில் முடிந்துவிடுமா?

ஈறும் எயிறும்
ஜூலை 11

ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம் சகோதரி. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் இடுக்கின் ஆழத்தை முதலில் அளப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி. 5, 6 என்று வந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு, வேரில் ஒட்டிய காரையை இடுக்குக்குள்ளிருந்து சுரண்ட வேண்டும். வாயை நான்கு பகுதியாகப் பிரித்து வாரம் ஒரு பகுதி என்று செய்வது வழக்கம். எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் எந்தப் பல் தங்கும், எது தங்காது என்று சொல்ல முடியும். தங்காததைப் பிடிவாதமாக வைத்திருக்க வேண்டாம், அது சீழ்க் கிடங்கு. முடிந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். சர்க்கரைக்காரருக்கு இது ஒரு தடவை வந்து போகும் வேலை இல்லை.

முதல் நாள் அவர் முகத்தில் கோபத்தைக் காட்டாத மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள். ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்கிற இடத்துக்கு நோயாளி இரண்டாம் முறை வருவதில்லை.

வெண்ணாற்றங்கரை
நவம்பர் 23

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். நடுவில் மழை, தாளடி நடவு, பள்ளித் தேர்வுத் தாள்கள்.

முதலில் போன இடத்தில் அப்பாவை உட்கார வைத்து, வாயைக்கூடச் சரியாகப் பார்க்காமல், எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுச் செட் கட்டலாம் என்றார்கள். டாக்டர் ஐயா எழுதிய 1910ஆம் ஆண்டுக் கதை என் நினைவுக்கு வந்தது. எழுந்து வந்துவிட்டோம். இரண்டாவது இடத்தில் ஒரு பெண் மருத்துவர். ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளந்து, உதவியாளரிடம் எண்களைச் சொல்லி எழுத வைத்தார். "ஏழு, ஆறு, ஏழு" என்று வரும்போதெல்லாம் அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அளவு என்றால் அவருக்குப் புரியும். வயலில் தண்ணீர் நிற்கும் ஆழத்தை விரற்கடையில் சொல்கிறவர்.

நான்கு பற்களை எடுத்தார்கள், அதில் இரண்டு மேல்பல். ஆஸ்பிரினை நிறுத்தவில்லை. பஞ்சைக் கடித்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், ரத்தம் நின்றது. புண் பத்து நாளில் மூடிக்கொண்டது. அம்லோடிபினுக்குப் பதில் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலை அப்பா வாசலில் நின்று தூரத்துப் பனைமரத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எச்பிஏ1சி சென்ற வாரம் 8.4. சர்க்கரை மாத்திரையின் அளவை யாரும் கூட்டவில்லை. ஈறால் மட்டும் இறங்கியது என்று நான் சொல்லவில்லை, டாக்டர் சொன்ன 0.4ஐவிட இது கூடுதல். அப்பா இப்போது குழைசாதத்தை விட்டுவிட்டார். இரவில் இரண்டு சப்பாத்தி, வேகவைத்த கொண்டைக்கடலை, முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிடுகிறார். மெல்ல முடிகிறது, அதனால் மெதுவாகச் சாப்பிடுகிறார். சீவல் நாளைக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதையும் விடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்சுலின் பேச்சை மருத்துவர் மூன்று மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

தலையணை உறையை நான் இன்னும் ஒவ்வொரு வாரமும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் துவைக்கிறேன். ஆறு வாரமாக வெள்ளையாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடிப் பெரியப்பா எங்கள் திண்ணைக்கு வந்திருந்தார். அப்பா கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கீழ் உதட்டை இழுங்கள்" என்றார். டிசம்பர் 5ஆம் தேதி இருவருக்கும் சேர்த்து நேரம் வாங்கியிருக்கிறேன்.